6 குழிக்கு எத்தனை பேர்ச்சஸ்?

பழைய காணி உறுதிப் பத்திரத்தில் நில அளவு "2 பரப்பு 6 குழி" என்று இருந்தது. நான் அதை 26 பேர்ச்சஸ் என்று டைப் பண்ணி, பிரின்ட் எடுத்து, கிளிப் போட்டு, நான் பயிற்சி செய்யும் சட்டத்தரணியான சேரின் மேசையில் வைத்துவிட்டு, கீழே போய் ஒரு பிளேன்ரீயும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், 16 பரப்பு ஒரு ஏக்கர், இதெல்லாம் எனக்குத் தெரியும். வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் காணியைத் தவிர வேறு எதைக் கதைத்தார்கள்? ஆனால் ஒரு பரப்புக்கு 18 குழி என்பது அந்த நேரம் மூளைக்கு வரவில்லை, 6 குழியை 6 பேர்ச்சஸாகவே தூக்கிப் போட்டுவிட்டேன். 6 குழி என்றால் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.33 பேர்ச்சஸ். சரியான கணக்கு 23.33. இல்லாத இரண்டரைப் பேர்ச்சஸுக்கு மேல் கட்சிக்கார அன்ரி ஒருவரின் மகளுக்கு எழுதிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

சேர் ஏசவில்லை. பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, "பிள்ளை, இந்த 2.67 பேர்ச்சஸை ஆரிட்ட வாங்கினனீங்கள்?" என்று கேட்டார். ஏச்சே வாங்கியிருக்கலாம்.

நான் கொழும்பு புதுக்கடையில் சட்டக் கல்லூரி மாணவி. அதே புதுக்கடையில், ஒரு ஒழுங்கைக்குள், போட்டோகொப்பிக் கடைக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் பயிற்சி. சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுக்க முன் ஒரு சீனியரிடம் ஆறு மாதம் பயிற்சி செய்யவேண்டும் என்பது சட்டம், ஆனால் அந்த ஆறு மாதம் தொடங்கும்வரை காத்திருந்தால் ஒன்றும் விளங்காது என்று அக்கா ஒருவர் சொன்னதால் நான் இரண்டாம் வருசத்திலேயே போய் ஒட்டிக்கொண்டேன். ஊரில் அம்மம்மா இன்னும் கேட்பது, "நீ அப்புக்காத்தோ பிரக்கிராசியோ?" என்றுதான். கோட்டில் எழும்பி நின்று வாதாடுகிறவர் அப்புக்காத்து, கந்தோரில் இருந்து உறுதி எழுதி வழக்கைத் தயார்பண்ணுகிறவர் பிரக்கிராசி. 1974ஆம் ஆண்டோடு அந்தப் பிரிவினை போய்விட்டது, இப்போது எல்லாரும் சட்டத்தரணிதான் என்று பத்துத் தரம் சொல்லிவிட்டேன். "அப்ப ரெண்டு வேலையையும் ஒரு ஆளோ செய்யிறது, அதுதான் ஒண்டும் ஒழுங்காய் நடக்கேல்லை" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

லண்டனில் ஹரோவில் இருக்கிற என் மச்சாள் அசல் பிரக்கிராசி வழியில் போகிறாள். அங்கே அந்தப் பிரிவினை இன்னும் இருக்கிறது, சொலிசிற்றர் வேறு, பரிஸ்டர் வேறு. ஏ லெவல் முடித்த கையோடு ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, ஆறு வருசம் வேலை செய்துகொண்டே படித்து சொலிசிற்றர் ஆகிற முறை ஒன்று 2016இலிருந்து இங்கிலாந்தில் நடக்கிறது, அதில் இருக்கிறாள். கம்பஸுக்குப் போய்க் கடன்பட வேண்டியதில்லை, சம்பளம் உண்டு, கிழமையில் ஒரு நாள் படிப்பதற்கென்றே விடுகிறார்கள். கடைசியில் எஸ்கியூஈ என்று ஒரு பரீட்சை. அதன் முதல் கட்டத்தில் இரண்டு பேப்பர், ஒவ்வொன்றிலும் 180 கேள்வி, எல்லாம் சரியான விடையைத் தெரிகிற கேள்விகள். "புள்ளடி போட்டே லோயரா?" என்று பகிடி பண்ணினேன். ஒரு மாதிரிப் பேப்பர் அனுப்பினாள். முதல் இருபதில் எட்டுத்தான் சரி. பகிடியை நிறுத்திவிட்டேன்.

சம்பளம் என்றதும் என் கதைக்கு வருகிறேன். எனக்குச் சம்பளம் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து வருகிற பஸ் காசையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேர் பார்த்துக்கொள்வார், ஒரு உறுதி முடிந்தால் ஒரு என்வலப் வரும், வராமலும் போகும். நல்ல மனிதர்தான். ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளையின் வீட்டில் யாரோ ஒருவர் சோறு போடவேண்டும் என்பது இங்கே யாருமே வாய்விட்டுச் சொல்லாத தகுதி. என்னோடு படித்த ஒருத்தி, என்னைவிடக் கெட்டிக்காரி, இதனாலேயே பாதியில் விட்டுவிட்டு வங்கிக்குப் போனாள்.

காலையில் கோடு. வெள்ளைச் சேலை, கையில் ஃபைல், சேருக்கு முன்னால் ஓடிப்போய் எங்கள் வழக்கு எத்தனையாவதாகக் கூப்பிடப்படும் என்று பார்ப்பது, தவணை போட்டால் டயரியில் எழுதுவது. கொழும்பில் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். எங்கள் ஆட்கள் பின் வாங்கில் இருந்து நீதவானின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், முடிந்ததும் என்னைத்தான் பிடிப்பார்கள்: "என்னவாம் பிள்ளை?" பெரும்பாலும் ஒன்றுமில்லை, அடுத்த மாதம் வரச்சொல்கிறார்கள். அதை அவர்களுக்கு நோகாமல் சொல்லத்தான் எந்த விரிவுரையிலும் சொல்லித் தரவில்லை.

இரவில் படிப்பு. நான் தமிழில் எழுதுகிறேன். பரீட்சை ஆங்கிலத்தில் மட்டும் என்று கொண்டுவந்த ஒழுங்குவிதியை 2023இல் பாராளுமன்றம் தோற்கடித்தது, இல்லாவிட்டால் நான் இப்போது எங்கே நின்றிருப்பேனோ. ஆனால் புத்தகங்களும் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில், கோடு சிங்களத்தில், கட்சிக்காரர் யாழ்ப்பாணத் தமிழில். நெடுநாள் காணியில் இருந்தே உரித்துப் பெறுகிற ஆட்சியுரிமை என்று தமிழில் எழுதிவிட்டு, 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் ஆங்கில வாசகத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, பத்து வருசம் எதிர் உரிமையோடு இருந்தால் என்று மறுபடி தமிழுக்கு வருவேன். ஒரு விடைக்கு இரண்டு தரம் யோசிக்கிற மாதிரி.

சரி, அந்த 6 குழி அன்ரி.

ஒரு சொப்பிங் பேக்கோடு வந்தார். உள்ளே சீதன உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், ரப்பர்பாண்ட் போட்ட ஒரு கட்டுக் கடிதம். 1983இல் அவருடைய அப்பா சீதனமாகக் கொடுத்த காணி, அதை மகளுக்கு நன்கொடையாக எழுதவேண்டும். நான் பாட்டுக்கு வரைவைத் தொடங்கினேன், எனக்கு அப்போது பிரச்சினை பேர்ச்சஸ் மட்டும்தான். கணக்கைத் திருத்தி இரண்டாம் முறை கொடுத்தபோது சேர் கேட்டார், "புருசன் எங்க?"

தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்துக்கு, உட்பட்ட மனைவி தன்னுடைய காணியானாலும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம், 6ஆம் பிரிவு. எனக்கு மனப்பாடம். பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவள். ஆனால் அன்ரி எதிரில் வந்து உட்கார்ந்து சீதன உறுதியை நீட்டியபோது அந்தப் பிரிவு என் தலையில் ஒரு மூலையில்கூட எட்டிப் பார்க்கவில்லை. காணி அவருடையது, உறுதி அவருடைய பெயரில், பிறகென்ன என்றுதான் நினைத்தேன்.

அதை அன்ரிக்குச் சொல்கிற வேலையும் எனக்கே வந்தது.

"என்ர அப்பா தந்த காணி. அவர் ஏன் கையெழுத்து வைக்கவேணும்?"

"சட்டம் அப்பிடி அன்ரி."

"ஆர் போட்டது?"

வழக்கம் எங்களுடையது, 1707இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்தார்கள், 1911இல் வெள்ளைக்காரன் திருத்தினான் என்றேன். "அவங்கள் எல்லாரும் போயிட்டாங்கள், இது மட்டும் போகேல்லை" என்றார். அவர் கணவர் 1999இல் கனடா போனவர். பிறகு தொடர்பு இல்லை.

வழி இருக்கிறது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியை எடுக்கலாம். அதற்குச் சத்தியக்கடதாசி, அதாவது அஃபிடவிட், வேண்டும். சேர் அதை என்னிடமே தந்தார், குழிக்குத் தண்டனையோ பரிசோ தெரியாது.

ரப்பர்பாண்டைக் கழற்றினேன். எல்லாம் அன்ரி ரொறன்ரோவுக்கு எழுதி, திரும்பி வந்த கடிதங்கள். ஒவ்வொன்றிலும் கனடாத் தபால்காரரின் முத்திரை, ஒன்றைக்கூட அன்ரி உடைத்துப் பார்க்கவில்லை, தான் எழுதியதுதானே. கடைசி முத்திரை 2004. இரண்டு இரவு இருந்து எழுதினேன். பந்தி பந்தியாக, இலக்கம் போட்டு, ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு அடையாளம் வைத்து. பேர்ச்சஸை நான்கு தரம் கூட்டிப் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை அன்ரி கையெழுத்து வைக்க வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததைப் பந்தி பந்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒன்பதாவது பந்தி: 2004ஆம் ஆண்டின் பின்னர் எனது கணவரிடமிருந்து எனக்கு எவ்விதத் தொடர்பும் கிடைக்கவில்லை.

தலை ஆடவில்லை.

"2009இல ஒருக்கா கோல் வந்தது பிள்ளை. வைகாசி மாசம். ஒண்டும் கதைக்கேல்லை. மூச்சு மட்டும் கேட்டது, பிறகு வைச்சிட்டார்."

"அவர்தான் எண்டு தெரியுமோ அன்ரி?"

"தெரியும்."

மேசையில் பேனா இருந்தது. "அதை எழுதவேணுமோ?" என்று கேட்டார். நான் "ஒரு நிமிசம் அன்ரி" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய் சேரின் கதவைத் தட்டினேன்.