ரெக்கில் மிஞ்சிய எழுத்துகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துகளால் சொல் அமைத்து ஆடும் ஸ்கிராபள் போட்டிக்குப் போய்த் தோற்று வந்தால் முதலில் சொல்வது "எனக்கு நல்ல எழுத்தே வரல்ல" என்பதுதான். சில ஆட்டங்களில் அது உண்மை. ஆனால் உண்மையா இல்லையா என்று பார்க்க ஒரு தடயம் வேண்டுமே! ஸ்கோர் தாளில் போட்ட சொல்லும் புள்ளியும் மட்டும் இருந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ரெக்கில், அதாவது எழுத்துகளை அடுக்கி வைக்கும் தாங்கியில், இருந்த ஏழு எழுத்துகளும் அதில் இருக்க வேண்டும். ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பது என்றால் போட்ட சொல்லைப் பார்ப்பதல்ல, அதைப் போட்டபின் கையில் என்ன மிஞ்சியது என்று பார்ப்பதுதான்.

எழுத்துகளை எடுத்து வைத்ததும், யோசிக்கத் தொடங்குமுன், ஏழையும் அகர வரிசையில் குறித்துவிடுங்கள். சொல்லைப் போட்டதும் அதன் இடம், புள்ளி, கடிகாரத்தில் மிச்சமுள்ள நிமிடம். இடத்தை எழுதும்போது குறுக்குச் சொல்லுக்கு வரிசை எண் முன்னால் வரும்: 8டி. நெடுக்குச் சொல்லுக்கு நிரலின் எழுத்து முன்னால்: டி8. ஒருவருக்கு 25 நிமிடம், ஏறக்குறைய 12 முதல் 15 முறை. அதாவது ஒரு முறைக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். அதில் எழுதுவதற்கு ஐந்தாறு விநாடி போகும். அது வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கொழும்பில் ஆடிவிட்டு பஸ்ஸில் திரும்புகிறீர்கள் என்றால், விடுபட்டவற்றை அவிசாவளைக்கு முன்பே நிரப்பிவிடுங்கள். கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கினால் பேனை தாளில் நிற்காது. வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று விட்டால் மறுநாள் பாதி ரெக் மறந்திருக்கும்.

வீட்டில் உடனே கொம்பியூட்டரைத் திறக்க வேண்டாம். போர்டை விரித்து ஆட்டத்தை முதலிலிருந்து அடுக்குங்கள். ஒவ்வொரு முறைக்கும் மூன்று நிமிடம் எடுத்து, போடக்கூடிய மூன்று தெரிவுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புள்ளியும் மிஞ்சும் எழுத்துகளும். விடையை முதலில் பார்த்துவிட்டால் "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்று மனம் ஏமாற்றிவிடும்.

ஓர் உதாரணம். முதல் முறை உங்களுடையது. ரெக்கில் ஏ, சி, ஐ, கே, பி (P), எஸ், யூ. பெரும்பாலான பிள்ளைகளின் கண்ணில் உடனே படுவது பி-ஏ-சி-கே-எஸ் (PACKS). அதை 8டியில் தொடங்கினால் பி எழுத்து இரட்டை எழுத்துக் கட்டத்தில் விழும்: 6, 1, 3, 5, 1, கூட்டினால் 16. கடைசி எழுத்து நடுக்கட்டத்தில் இருப்பதால் முழுச் சொல்லும் இரட்டித்து 32. இதே சொல்லை 8எச்சில் தொடங்கினால் இரட்டை எழுத்துக் கட்டம் எஸ்ஸுக்குப் போய் 28 தான் வரும். ஒரே சொல், இடத்தால் நாலு புள்ளி குறைகிறது.

இனி மிஞ்சியதைப் பாருங்கள்: ஐ, யூ. இரண்டும் உயிரெழுத்து, அதிலும் யூ சுமை. இப்போது பி-யூ-சி-கே-ஏ (PUCKA). நம் வாயில் தினமும் வரும் 'பக்கா'தான், இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஸ்கிராபளுக்கான கொலின்ஸ் அகராதியில் இருக்கிறது. 8டியில் அதுவும் 32. கையில் மிஞ்சுவதோ ஐயும் எஸ்ஸும். புள்ளி ஒன்றுதான், ஆனால் யூ தொலைந்தது, எஸ் தங்கியது. ஸ்கோர் தாளில் இரண்டு தெரிவும் ஒன்றுபோலவே 32 என்று தெரியும். ரெக்கை எழுதியிருந்தால்தான் இந்தத் தவறு பிடிபடும்.

எஸ் ஒன்றைக் கையில் வைத்திருப்பதன் பெறுமதியை ஏறக்குறைய எட்டுப் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் கட்டையான பிளாங்க் 25ஐ ஒட்டியது. எஸ் சேர்ப்பதால் எட்டுக்கும் குறைவாகத்தான் கூடுகிறது என்றால் சேர்க்காதீர்கள். பையில் எஸ் நாலுதான், பிளாங்க் இரண்டுதான்.

பிள்ளைகள் எழுதும் மூன்று தெரிவுகளில் அநேகமாக வராத ஒன்று, எழுத்து மாற்றல்: சொல் போடாமல், வேண்டாத எழுத்துகளுக்குப் பதில் பையிலிருந்து வேறு எடுப்பது. புள்ளி பூச்சியம் என்பதால் பயம். ஐ இரண்டு, யூ இரண்டு, வி ஒன்று என்று அடைத்துக்கொண்ட ரெக்கிலிருந்து எட்டுப் புள்ளிக்கு ஒரு சொல்லைப் பிடுங்கிப் போட்டு, அடுத்த முறையும் அதே அடைப்போடு உட்காருவது அதைவிட நட்டம்.

இதற்குப் பிறகுதான் குவாக்கிள், ஸ்கிராபள் ஆட்டத்தை ஆராயும் கொம்பியூட்டர் மென்பொருள். இலவசமானது, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், அதனால் சிக்னல் கிடைக்காத தோட்டத்திலும் பயன்படும். நீங்கள் ஆடும் போட்டியின் அகராதியைத் தெரிவுசெய்தீர்களா என்று முதலில் பாருங்கள். பிழையான அகராதியில் மொத்த ஆய்வும் கெட்டுப்போகும். எதிராளியின் ரெக்கை வெறுமையாக விடுங்கள். ஆட்டத்தின்போது அது உங்களுக்குத் தெரியாதே. முதலில் வரும் பட்டியல் புள்ளியையும் மிச்ச எழுத்துகளையும் மட்டும் கணக்கிடும், எதிராளிக்கு நீங்கள் திறந்துவிடும் மும்மடங்குக் கட்டத்தைக் கவனிக்காது. அதற்கு, அடுத்த முறைகளைத் தானே ஆடிப் பார்க்கும் சிமுலேஷனை சில நூறு தடவையாவது ஓடவிடுங்கள். இரண்டு தெரிவுகளுக்கு இடையே ஓரிரு புள்ளி வித்தியாசம்தான் என்றால் அதைத் தவறாக எண்ண வேண்டாம்.

பெரிய வித்தியாசம் வந்த இடங்களில் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். சொல்லே தெரியாதென்றால் 'தெ', தெரிந்தும் கண்ணில் படவில்லை என்றால் 'க', கண்டும் வேறொன்றைத் தேர்ந்தால் 'தே', அவசரத்தில் போட்டால் 'நே'. 'தெ'க்கு மருந்து மனப்பாடம். 'க'வுக்கு எழுத்துகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கும் பயிற்சி. 'நே' அதிகம் என்றால், கடிகார நிமிடங்களைப் பார்த்து எந்த முறையில் ஐந்து நிமிடம் விழுங்கினீர்கள் என்று தேடுங்கள். நேரம் கடந்தால் நிமிடத்துக்குப் பத்துப் புள்ளி வெட்டு.

'தெ' நிறைய வருகிறதே என்று தமிழ்மூலப் பிள்ளைகள் சோர வேண்டாம். நியூசிலாந்து ஆட்டக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபள் உலகப் போட்டியை வென்றார். 2003இல் ஆங்கில உலகப் போட்டியை வென்றவர் தாய்லாந்துக்காரர். பொருள் தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் போர்டில் அதற்குப் புள்ளி இல்லை.

கடைசிக் கட்டத்தைக் கையால்தான் பாருங்கள். பை காலியானதும், மொத்தம் 100 எழுத்துகளில் போர்டில் உள்ளதையும் உங்கள் ரெக்கில் உள்ளதையும் கழித்தால் மிச்சம் எதிராளியின் ரெக். அதைத் தாளில் எழுதி, அவர் எங்கே முடிக்கக்கூடும் என்று பாருங்கள். முதலில் முடிப்பவருக்கு மற்றவர் கையில் உள்ளதன் இரட்டிப்பு கிடைக்கும். பத்துப் புள்ளிக் கியூவோடு மாட்டிக்கொண்டால் அந்த ஓர் எழுத்துக்கே 20 போய்விடும். அப்படி மாட்டியிருந்தால் கடைசி முறையில் தவறைத் தேட வேண்டாம். பையில் ஏழு எழுத்தாவது இருந்தால்தான் மாற்றலாம். ஏழுக்குக் கீழே இறங்கிய முறையையும் அதற்கு முந்தைய இரண்டையும் எடுத்து, அப்போது போர்டுக்கு வெளியே, கியூவைப் போட உதவும் ஐ எத்தனை, யூ எத்தனை மிச்சமிருந்தன என்று எண்ணிப் பாருங்கள்.