துளைத்துகள்களில் பதிந்த வெப்பம்

எரிமலைப் பகுதியில் புவிவெப்பக் கிணறு துளைக்கப்படும்போது, நீராவி கிடைப்பதற்கு வெகு முன்பே கல் துகள்கள் மேலே வரத் தொடங்கிவிடுகின்றன. துளைமுனை அரைக்கும் பாறையை, குழாய்வழி உள்ளே செலுத்தப்படும் நீரோ சேறோ சுமந்து வருகிறது. ஐஸ்லாந்தில் வழக்கமாக 2 மீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்து வைக்கிறார்கள். அந்தத் துகள்களில் எனக்குள்ள ஈடுபாட்டுக்குக் காரணம், வெப்பமானியால் தர முடியாத ஒரு செய்தி அவற்றில் இருப்பதுதான்.

பாறை எதுவென்று அறிவது முதல் வேலை. ஐஸ்லாந்துக் கிணறுகளில் கருநிற எரிமலைப் பாறையான பசால்ட்டின் அடுக்குகளும், பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்தபோது திடீரெனக் குளிர்ந்து நொறுங்கிய கண்ணாடித்தன்மை மிக்க ஹையலோகிளாஸ்டைட்டும் மாறி மாறி வருகின்றன. கென்யாவின் ஒல்காரியாவில் பசால்ட்டைவிடச் சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறைகளான டிராக்கைட்டும் ரையோலைட்டும் மிகுதி. படிக அமைப்பில்லாத எரிமலைக் கண்ணாடிதான் சுடுநீருக்கு முதலில் இடங்கொடுக்கிறது. ஆலிவின், பிளேஜியோகிளேஸ், பைராக்சின் ஆகிய பாறைக் கனிமங்கள் தத்தம் தாங்குதிறனுக்கேற்ப அதைப் பின்தொடர்கின்றன. ஆனால் நீர் புக வழியில்லாத இறுகிய பாறை, 250 பாகை செல்சியசு வெப்பத்தில் கிடந்தாலும் பெரிதும் மாறாமல் இருக்கக்கூடும். ஆகவே பாறை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்க இயலாது. எந்தக் கனிமம் புதிதாகத் தோன்றியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

பசால்ட்டில் இதற்கு ஓரளவு நிலையான வரிசை உண்டு. 200 பாகை செல்சியசுக்குக் கீழே ஸ்மெக்டைட் களிமண்ணும் நீரைத் தம்முள் கொண்ட சியோலைட் கனிமங்களுள் பெரும்பாலானவையும் உருவாகின்றன. 180 பாகையளவில் கால்செடனி என்ற நுண்படிகச் சிலிக்காவின் இடத்தைக் குவார்ட்ஸ் பிடிக்கிறது. 200 முதல் 230 வரை ஸ்மெக்டைட்டும் குளோரைட்டும் இடைகலந்த களிமண், அதற்கு மேல் குளோரைட், 240 பாகையை ஒட்டி மஞ்சள்பச்சை எபிடோட், 280ஐ நெருங்கினால் ஆக்டினோலைட். இவற்றுள் எபிடோட்டுக்கே நான் முதலிடம் தருவேன். துகள்களிலேயே எளிதில் கண்ணுக்குப் படுவதோடு, கிணற்றுச் சுவரைத் தாங்கும் உறைக்குழாயை எவ்வளவு ஆழம் இறக்குவது என்ற முடிவுக்கும் அது பல இடங்களில் துணைநிற்கிறது. களிமண் வகைகளைப் பிரித்தறிய எக்ஸ் கதிர்ச் சோதனை வேண்டும்: கிளைக்கால் என்ற கரிமத் திரவத்தின் ஆவி பட்டதும் ஸ்மெக்டைட்டின் அடுக்கிடைவெளி 17 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு விரிகிறது, குளோரைட் விரிவதில்லை.

கிணறு சூடேறிய பின் வெப்பமானியை இறக்கினால் தெரிவது இன்றைய நிலை மட்டுமே. கனிமங்கள் காட்டும் வெப்பமும் அளந்த வெப்பமும் ஒத்துப்போனால் அந்த வெப்பக்களம் நிலையாக இருக்கிறது எனலாம். எபிடோட் நிறைந்த ஆழத்தில் 180 பாகைதான் அளக்கப்படுகிறது என்றால், ஒரு காலத்தில் கொதித்துக்கொண்டிருந்த அப்பகுதி ஆறிவிட்டது. அங்கே கனிமத்தை மட்டும் நம்பி உற்பத்தியைத் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அளந்த வெப்பம் கனிமம் காட்டுவதைவிடக் கூடுதலாக இருந்தால், அண்மையில் சூடேறிய பாறையில் கனிமங்கள் இன்னும் அதற்கு ஈடாக மாறவில்லை என்று கொள்ள இடமுண்டு. இந்த ஐயத்தைத் தீர்க்கப் பாறையின் சிறு குழிவுகளும் வெடிப்புகளும் உதவுகின்றன. சுவரை ஒட்டிப் படிந்தது மூத்தது, நடுவில் இருப்பது இளையது; எபிடோட்டின் மேல் லாமோன்டைட் என்ற சியோலைட் படிந்திருந்தால், குளிர்ச்சி பின்னர் வந்தது என்பது உறுதி. இந்த வரிசையைக் குறிக்காமல் கனிமப் பட்டியலை மட்டும் தரும் அறிக்கைகள் பாதி வேலையோடு நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து.

2009இல் ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில், 4 கிலோமீட்டருக்கும் மேல் செல்லத் திட்டமிட்டுத் துளைக்கப்பட்ட ஐ.டி.டி.பி.-1 (ஐஸ்லாந்து ஆழ்துளைத் திட்டத்தின் முதல் கிணறு) என்ற கிணற்றில், சுமார் 2,100 மீட்டர் ஆழத்திலிருந்து ரையோலைட் கண்ணாடித் துகள்கள் மேலே வந்தன. அந்த ஆழத்தில் பழைய கண்ணாடி எதுவும் மாறாமல் தப்பியிருக்க முடியாது. ஆகவே, உருகிய பாறைக்குழம்புக்குள் துளைமுனை நுழைந்து, துளைநீர் அதை உறையச் செய்திருக்கிறது என்பதற்கு அத்துகள்களே சான்றாயின. துளைப்பணியும் அந்த ஆழத்தோடு நிறுத்தப்பட்டது.