சென்னிமலைத் தறிக்கு ஐபேடில் இசை போட்ட அனுபவம்

நோம்பி (ஊர்த் திருவிழா) கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன் நான். அக்கா மகன் எடுத்த 11 நிமிடக் குறும்படத்துக்குப் பின்னணி இசை முழுவதையும் ஐபேடிலேயே, அதில் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்ட் ஆப்பை வைத்தே முடித்தேன். படம் ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையில் போர்வை நெய்யும் ஒரு கைத்தறி நெசவாளியைப் பற்றியது. கையில் காசில்லாமல் படம் எடுக்கும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படத்தைப் போட்டுக் காட்டியதும் மாப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “கண்ணு, வெட்டுறதெல்லாம் வெட்டி முடிச்சுட்டியா?” எடிட் முடியாத படத்துக்கு இசைக்கு உட்காரக் கூடாது. ஒரு ஷாட்டில் ஒரு நொடி குறைந்தாலும் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் நகர்ந்துவிடும்.

ஐபேட் கராஜ்பேண்டுக்குள் வீடியோவைக் கொண்டுவர முடியாது. மேக் கணினியில் ஓடும் கராஜ்பேண்டில் அந்த வசதி உண்டு, டேப்லெட்டில் இல்லை. அதனால் படத்தின் ஒரு மூலையில் நிமிடமும் நொடியும் ஓடுகிற மாதிரி ஒரு காப்பி எடுத்துத் தரச் சொன்னேன். அது போனில் ஓடும், ஐபேடில் நான் வாசிப்பேன். ஒவ்வொரு காட்சியும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் யார் எப்போது பேசுகிறார்கள் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். முழுப் படத்தையும் ஒரே கோப்பாகச் செய்யாமல் காட்சிக்கு ஒரு கோப்பு வைத்தேன். ஒவ்வொன்றும் காட்சியின் முதல் நொடியிலேயே தொடங்கும்படி இருந்தால், எடிட் செய்பவர் அந்த இடத்தில் அப்படியே வைத்துவிடலாம். கராஜ்பேண்ட் புதுக் கோப்பில் எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று) நீளம்தான் கொடுக்கும். பிளஸ் குறியைத் தொட்டு அதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றாவிட்டால், வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுற்றி முதலுக்கு வந்துவிடும்.

அடுத்தது தாளம். ஆப் தானாகக் கொடுக்கும் வேகம் நிமிடத்துக்கு 110 அடி. அதில் எதை வாசித்தாலும் படத்தோடு ஒட்டவில்லை. தறி ஓடும் காட்சியைப் போட்டு, டெம்போ பகுதியில் விரலால் தட்டி வேகம் பிடிக்கும் பொத்தானில் குறுக்கு நூலை நெருக்கி அடிக்கும் அச்சு விழுகிற ஒவ்வொரு அடிக்கும் தட்டினேன். 80ஐ ஒட்டி ஏறி இறங்கி நின்றது. 80 என்றால் ஒரு அடிக்கு 0.75 நொடி, நாலு அடி சேர்ந்த ஒரு பாருக்குச் சரியாக 3 நொடி. இப்படி ஒரு வேகம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நெய்த போர்வைகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு நெசவாளர் கூட்டுறவு சொசைட்டிக்குப் போகும் காட்சி 42 நொடி, அதற்கு 14 பார். பிறகு அதில் 2 நொடி குறைக்க வேண்டி வந்தபோதும் பதற வேண்டியிருக்கவில்லை. 14 பாரில் 56 அடி. அது 40 நொடிக்குள் அடங்க வேகம் 84 வேண்டும். எண்ணை மாற்றினேன், விரலால் வாசித்த கருவிகள் எல்லாம் கூடவே வந்துவிட்டன.

ஆனால் மனிதர் கை ஓட்டும் தறி எண்ணுக்குக் கட்டுப்பட்டு ஓடாது. நூல் அறுந்தால் நிற்கும், பேச்சு வந்தால் மெதுவாகும், குறுக்கு நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்றும் வரைக்கும் அமைதி. அதன் மேல் கட்டம் போட்ட தாளத்தை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று இடறும். அதனால் ஒரு முடிவெடுத்து, படம் முழுக்க அதை மீறாமல் இருந்தேன். தறி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தாளக்கருவி கிடையாது, தறிதான் தாளம். தறி மறைகிற நொடியில் என் தாளம் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். தறிக்காட்சியின் கடைசி அடி விழுந்து 0.75 நொடி கழித்து மொபெட் காட்சியின் முதல் அடி. பார்ப்பவர்களுக்கு வெட்டே தெரியவில்லை. அந்த ஒட்டைக் கேட்டபோதுதான் இந்தப் படத்துக்கு இசை அமைந்துவிட்டது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்த அடி டிரம்ஸ் சத்தமாக இருந்தால் இது நடக்காது, தறியின் சத்தமாகவே இருக்க வேண்டும். ஷூட்டிங்கில் எடுத்த ஒலியில் அக்கம்பக்கத்து விசைத்தறிகளின் இரைச்சல் கலந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளாகப் பார்த்துப் போனோம். விசைத்தறி நின்றிருந்தது, ஃபேன் நின்றிருந்தது, ஐபேட் பேட்டரியில் ஓடியது. டேப்லெட்டில் வேலை செய்வதன் அருமை அன்றைக்குத் தெரிந்தது. நெசவாளி ஐயா தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, “ஏனுங் தம்பி, நெய்யோணுமா, சும்மா தட்டுனாப் போதுமா?” என்று கேட்டார். நெய்யத்தான் சொன்னேன். மிதியை அழுத்தும்போது கயிறு கிறீச்சிடும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா பாய்ந்து வலப்பக்கப் பெட்டியில் மோதும், அச்சு வந்து ஊடையை (அந்தக் குறுக்கு நூலை) அடிக்கும், அடுத்த முறை நாடா இடப்பக்கம் மோதும். வலப்பெட்டியின் சத்தம் கொஞ்சம் கனம், இடது கொஞ்சம் கூர்மை. மரம் தேய்ந்ததில் வந்த வித்தியாசம் என்றார் ஐயா.

அச்சு அடி, வல மோதல், இட மோதல், மிதிக் கிறீச்சு என்று தனித்தனியாக வெட்டி, கராஜ்பேண்டின் சாம்ப்ளரில் ஏற்றினேன். சாம்ப்ளர் என்பது பதிவு செய்த சத்தத்தைக் கீபோர்டில் வாசிக்கக் கொடுப்பது. அச்சு அடியை ஒரு ஸ்தாயி கீழே வாசித்தால் சத்தம் தாழ்ந்து நீளமும் கூடி, தவிலின் தொப்பிப் பக்கத்தை ஒத்த ஒரு கும்கி, அதாவது தாழ்ந்த அதிர்வு, வந்தது. நாடா மோதல்களை வலது காதுக்கும் இடது காதுக்கும் மாற்றி மாற்றிப் பிரித்து வைத்தேன். ஐயாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். அவர் கை தானாகவே கயிற்றை இழுக்கிற மாதிரி அசைந்தது.

வாசிக்கும்போது ஒயர் உள்ள ஹெட்போன்தான் வேண்டும். புளூடூத்தில் விரல் பட்ட பிறகு சத்தம் தாமதமாக வருவதால் தாளம் நிற்காது.

நெசவாளிக்கு அப்பாரு (தாத்தா) நினைவு வரும் காட்சிக்கு உடுக்கை வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டான். பொன்னர் சங்கரின் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது, கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆப்பில் சீனத்து எர்ஹூ உண்டு, ஜப்பானியக் கோட்டோ உண்டு, உடுக்கை இல்லை. இருந்திருந்தாலும் தனித்தனி அடிகளாக வாசித்தால் அது உடுக்கையாகாது. இடுப்புக் கயிற்றை அழுத்தும்போது சுருதி மேலே ஏறி இறங்குகிறதே, அந்த இழுப்பில்தான் அதன் உயிர். ஊரில் உடுக்கடிப் பாட்டுப் பாடும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, நாலைந்தடி தள்ளி ஐபேடை வைத்து, உள்வரும் ஒலியளவைக் குறைத்துப் பதிவு செய்தோம். உடுக்கை பக்கத்தில் அடித்தால் மைக் தாங்காமல் சத்தம் உடையும். பாட்டு வேண்டாம், உடுக்கை மட்டும் போதும் என்றோம். சம்பளத்தை முதலிலேயே பேசிக் கொடுத்துவிட்டோம். குறும்படம்தானே என்று கலைஞர்களைச் சும்மா கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது.

ராகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கீபோர்டில் ஸ்கேல் என்ற இடத்தில் மேஜர் பென்டடோனிக் போட்டால் நம் மோகனத்தின் ஸ்வரங்கள் மட்டும் நிற்கும். அதில் வயலின் ஒலியில் ஒரு சின்ன மெட்டு, அவ்வளவுதான்.

ஆப்பில் வரும் ஆயத்த லூப்புகளை (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுகளை) நான் தொடவில்லை. அவற்றைச் சொந்தப் படைப்பில் பயன்படுத்த அனுமதி உண்டு. ஆனாலும் அதே லூப்பில் வேறொருவர் பாட்டுப் போட்டுப் பதிந்து வைத்திருந்தால், யூடியூபின் தானியங்கிச் சோதனை நம் படத்தின் மேல் உரிமைகோரலை வைத்துவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒரு வசனக் காட்சியில் இருந்தது, பின்னணியில் கோயில் ஒலிபெருக்கி. பாடல் வரிகள் எவ்வளவு பழசானாலும் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, நம் நாட்டுச் சட்டத்தில் அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. அந்தக் காட்சியின் வசனத்தை ஐபேடிலேயே திரும்பப் பேச வைத்து எடுத்தோம். அதற்கடியில் கரண்ட் இல்லாத நாளில் எடுத்த தெருவின் வெறும் சத்தத்தைப் பரப்பினோம்.

கடைசியாக மிக்ஸிங். பேச்சு வரும் இடங்களில் இசையை 6 முதல் 8 டெசிபல் இறக்கினேன். பேச்சின் தெளிவு இருக்கும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை வயலினில் கொஞ்சம் குறைத்தேன். அதன்பின் போன் ஸ்பீக்கரில் கேட்டேன், நம் ஆட்கள் பார்க்கப்போவது அதில்தான். அச்சின் கும்கி காணாமல் போயிருந்தது. சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி வராது. அதே அடியின் மேல் ஸ்தாயியை மெல்லிசாகக் கூடச் சேர்த்ததும் போனிலும் அடி கேட்டது.

ஒப்படைக்கும்போது காட்சிக்கு ஒரு முழுக் கோப்பு, கூடவே தாளம் தனி, மெட்டு தனி, எல்லாம் சுருக்காத வேவ் வடிவில் கொடுத்தேன். தனித்தனியாக எடுக்க ஐபேட் கராஜ்பேண்டில் நேர்வழி இல்லை. மற்ற டிராக்குகளை மியூட் செய்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் எடிட்டில் உட்கார்ந்த மாப்பிள்ளை சொசைட்டிக் காட்சியின் கடைசியில் வயலினை எடுத்துவிட்டு, தறியின் அடியை மட்டும் விட்டுவைத்தான். தனித்தனியாகக் கொடுத்ததால்தான் அவனால் அதைச் செய்ய முடிந்தது, படத்துக்கும் அதுவே சரியாக இருந்தது.

அடுத்து கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிற ஆலைக்கொட்டாயில் படம் எடுக்கப்போகிறான். “எடிட் முடிச்சுட்டுச் சொல்றனுங் மாமா” என்றான். ஷூட்டிங் அன்றைக்கே ஐபேடோடு வருகிறேன், கொப்பரை கொதிக்கிற சத்தம் எனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.