29 எழுத்துச் சொல்லும் என் வாய்மொழித் தேர்வும்

உயர்நிலை 4-இல் ஆங்கில வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகை. வாசிப்புப் பத்தியில் 'ரிஹாபிலிடேஷன்' வந்தது. பாதியில் நாக்கு பின்னிக்கொண்டது. ஆசிரியர் திட்டவில்லை. 29 எழுத்துள்ள ஒரு சொல்லைத் தாளில் எழுதி, "திங்கட்கிழமை வாசித்துக் காட்டு" என்றார். ஃபிளாக்சிநாசிநைஹிலிபிலிஃபிகேஷன் (floccinaucinihilipilification)!

அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் உட்கார்ந்து முன்னாலிருந்து படித்தால், நாசியைத் தாண்டவே முடியவில்லை. அப்புறம் வாலிலிருந்து பிரித்தேன். 'ஃபிகேஷன்' தெரிந்ததுதான்: நோட்டிஃபிகேஷன், குவாலிஃபிகேஷன். 'ஆக்குதல்' என்ற பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்த விகுதி அது. மீதி நான்கும் லத்தீன் துண்டுகள். ஃபிளாக்சி கம்பளிப் பிசிறு, நாசி அற்பப் பொருள், நைஹிலி ஒன்றுமில்லாதது, பிலி மயிர். 'இவ்வளவுகூடப் பெறாது' என்று சொல்ல லத்தீனில் இவை உதவும். யாரோ குறும்பாக ஒட்டிவிட்டார்கள். கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டோன் 1741-இல் எழுதிய கடிதத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. பொருள், ஒன்றைத் துரும்பாகக்கூட மதிக்காமை. துரும்பு, தூசு, சல்லிக்காசு, மயிர் என்று நாமும் அதைத்தானே சொல்கிறோம்? (கடைசியை அம்மா முன்னால் சொல்லிப் பார்க்காதீர்கள்.)

சரி, அசைக்கு வருவோம். மொத்தம் 12: ஃபிளாக்-சி, நா-சி, நை-ஹி-லி, பி-லி, ஃபி-கே-ஷன். தமிழ் யாப்பின் அசையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'பலா' நமக்கு ஒரே நிரையசை; ஆங்கிலக் கணக்கில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, ஆக இரண்டு. முதல் துண்டில் ஆங்கில எழுத்து 'c' இரட்டையாக வருகிறது. அடுத்து 'i' வருவதால் முன்னது 'க்', பின்னது 'ஸ்' ஆகும், ஆக்சிடென்ட் போல.

என்னைக் கவிழ்த்தது அழுத்தம்தான். சிங்கப்பூரில் நாம் பேசும்போது எல்லா அசைக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை போட்டுவிடுகிறோம். '-ஷன்' என்று முடியும் சொற்களில் முக்கிய அழுத்தம் அதற்கு முந்தைய அசையில் விழும். இங்கே 'கே'. ரிஹாபிலிடேஷனில் 'டே'. அங்கே போய்ச் சேரும்வரை மற்றவற்றை லேசாக ஓட்டிவிடலாம்.

திங்களன்று ஒரே மூச்சில் வாசித்தேன். நிஜத் தேர்வில் நீளமான சொல் எதுவுமே வரவில்லை. 'வெஜ்-ட-பிள்' என்ற மூன்றசைச் சொல்லை 'வெ-ஜி-டே-பிள்' என்று நான்காக்கிவிட்டு வெளியே வந்தேன்.