மூன்று மில்லி

திருச்சி பக்கம் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்கு வெல்டர் வேலை கேட்டு முதல் தடவை போனபோது ராணுவ டிஸ்சார்ஜ் புக், டிரேட் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போனேன். குவாலிட்டி பார்க்கும் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையாகத்தான் புரட்டிப் பார்த்தார். மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "சார், கடைசியா எப்ப ராடு பிடிச்சீங்க?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் ஆறு வருடம் ஆகியிருந்தது. ராணுவத்தில், பெங்களூர் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் 19 வயதில் சேர்ந்து, வெல்டர் டிரேடில் 20 வருடம். ஆனால் ஹவில்தார் ஆன பிறகு ராடு பிடிப்பது குறைந்துபோய், பிடிக்கிறவர்களைப் பார்ப்பதும் ஸ்டோர் லெட்ஜர் எழுதுவதுமே வேலையாகிவிட்டது. ஆஸ்மி (அமெரிக்க மெக்கானிகல் இன்ஜினியர்கள் சங்கம்) கோடின் ஒன்பதாம் பிரிவுப்படி, ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் பயன்படுத்தாவிட்டாலே வெல்டரின் தகுதி காலாவதி. நான் வருடக் கணக்கில் பேசிக்கொண்டிருந்தேன்.

"மூணு வாரம் கழிச்சு வாங்க சார். ஆறு இஞ்ச் பைப், ஷெட்யூல் எண்பது, சிக்ஸ்-ஜி. ரூட் ஆர்கன், மேல ஆர்க். எக்ஸ்ரே எடுப்போம்."

வெல்டிங் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஷெட்யூல் என்பது பைப் சுவரின் தடிமன் கணக்கு. ரூட் என்பது அடியில் போடும் முதல் அடுக்கு; அதை ஆர்கன் கேஸ் காப்பில் டங்ஸ்டன் முனையால் போட வேண்டும், அதற்கு மேல் அடுக்குகளை ராடு பிடித்து ஆர்க்கில். சிக்ஸ்-ஜி என்றால் பைப்பை 45 டிகிரி சாய்வாகக் கட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் சுற்றிவர வேண்டும். கடிகாரத்தில் சொல்வதுபோல ஆறு மணியில், அதாவது அடிவயிற்றில் ஆரம்பித்து, ஒரு பக்கமாக ஏறிப் பன்னிரண்டு மணிக்கு வந்து, மறுபடி கீழே போய் அடுத்த பக்கம் ஏற வேண்டும். குனிந்து, நிமிர்ந்து, முழங்காலிட்டு, தலைக்கு மேல் கையை வைத்து என்று எல்லா நிலையும் அந்த ஒரே ஜாயின்ட்டில் வந்துவிடும். அதனால்தான் சிக்ஸ்-ஜி பாஸானவரை வேறு எந்த நிலையிலும் வேலைக்கு விடுகிறார்கள்.

ராணுவத்திலிருந்து வெளியே வருவதற்கு முந்தைய வருடம், வெளி வேலைக்குத் தயார்படுத்தும் ரீசெட்டில்மென்ட் கோர்ஸுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். எல்லோரும் எழுதியதையே பார்த்து நானும் செக்யூரிட்டி சூப்பர்வைசர் கோர்ஸ் எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் என்மேல் எனக்கே கோபம் வரும் விஷயம் அது. கையில் தொழில் இருக்கிறவன், ஏடிஎம் வாசலில் உட்காரப் பாடம் படித்துவிட்டு வந்தேன். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. முன்னாள் ராணுவத்தினருக்கு வேலை தரும் தமிழக அரசு நிறுவனமான டெக்ஸ்கோ மூலமாக அப்படிப் போய் நிம்மதியாக இருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு உட்கார வராது, அவ்வளவுதான். வீட்டில், "பென்ஷன் வருதுல்லங்க, இந்த வயசுல எதுக்குப் புகையில நிக்கணும்?" என்று ஒருமுறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

திருவெறும்பூரில் பெல் (BHEL) பாய்லர் ஆலை 1960-களில் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் முழுக்க வெல்டர் ஊர். தெருவுக்கு ஒரு பழைய ஹை-பிரஷர் வெல்டர் இருப்பார். அப்படி ஒருவரின் ஷெட்டில்தான் மூன்று வாரம் கிடந்தேன். அறுபது தாண்டியவர். ஆர்கன் சிலிண்டர் செலவு என்னுடையது, பைப்பு துண்டு காயலான் கடையில் எடை போட்டு வாங்கியது, மெஷின் அவருடையது. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மெட்ராஸ் சாப்பர்கள் என்றழைக்கப்படும் எங்கள் குரூப்காரர்களுக்கு ராணுவம் முழுக்கத் தம்பி என்றே பெயர்; எந்த மாநிலத்துக்காரனாக இருந்தாலும் அந்த ரெஜிமென்ட்டில் சேர்ந்தால் தம்பிதான். வெளியே வந்தும் அதே பெயர் நிலைத்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

முதல் நாள் நான் போட்ட ஜாயின்ட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "தம்பி, எதுக்கு இவ்வளவு மெட்டல் அள்ளி வச்சிருக்க?"

"பலமா இருக்கட்டும்னுதாண்ணே."

கேப்பிங், அதாவது கடைசி மேல் அடுக்கு, பைப்புக்கு மேல் 3 மில்லிக்கு மேல் நிற்கக் கூடாது என்று கேஜை வைத்துக் காட்டினார். என்னுடையது ஐந்தைத் தொட்டது. மேடாக நின்றால், மேடும் பைப்பும் சேரும் விளிம்பில்தான் அழுத்தம் போய்க் குவியும்; விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ராணுவத்தில் நான் பழகியது நேர் எதிர். லடாக்கில் மைனஸ் 20-ல் லோடர் பக்கெட் விரிசல் விட்டு நிற்கும். ப்ளோ லேம்ப்பைக் காட்டிச் சூடு ஏற்றி, புகாரி அடுப்பின் மேல் வைத்து ஈரம் போக்கிய ராடை எடுத்து, கண்ணுக்குத் தெரிகிற பலம் வரும்வரை அடுக்கு மேல் அடுக்காகப் போடுவேன். நாளைக்குக் காலை ரோடு திறக்க வேண்டும், அதுதான் உத்தரவு. உள்ளே ஸ்லாக் (கசடு) இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று யாரும் படம் எடுத்துப் பார்த்ததில்லை. பக்கெட் தாங்கியது. தாங்கியதால் நல்ல வெல்டிங் என்று இருபது வருடம் நம்பிவிட்டேன்.

7018 ராடை 300 டிகிரிக்கு மேல் ஓவனில் வைத்துச் சுட வேண்டும், பிறகு சூடு ஆறாத சின்ன ஓவனிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பாடம் நடத்தியிருக்கிறேனே. புகாரிக் கதையைச் சொன்னதும் அண்ணன் சிரிக்கவில்லை. "அது ரிப்பேரு தம்பி. இது ஸ்டீம் போற பைப்பு" என்றார்.

இரண்டாவது வாரம் ரூட் முழுக்க எறும்புப் புற்று மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. கேஸ் அளவைக் கூட்டினேன், டங்ஸ்டனைத் தீட்டினேன், ஃபில்லர் கம்பியை அசிட்டோன் போட்டுத் துடைத்தேன். அரை நாள் போனது. அண்ணன் சாப்பிட்டு வந்து ஒன்றும் பேசாமல் என் முதுகுப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த பெடஸ்டல் ஃபேனை அணைத்தார். திருச்சி மே மாதம், தகர ஷெட், 40 டிகிரி. காற்று வேண்டுமென்று நான்தான் காலையில் இழுத்து வைத்திருந்தேன். அந்தக் காற்று ஆர்கனை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. அதன்பின் எல்லாப் பயிற்சியும் ஃபேன் இல்லாமல். பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

ஆனால் என்னை நிஜமாகவே கலங்கடித்தது வேறு. ஆர்கனில் டங்ஸ்டன் முனைக்கும் உருகிய குட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிதான் இடைவெளி. தொட்டால் போச்சு, டங்ஸ்டன் துணுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டு எக்ஸ்ரே ஃபிலிமில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நான் நாலு இஞ்சுக்கு ஒரு தடவை தொட்டுக்கொண்டிருந்தேன். கை நடுங்குகிறது, வயதாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். ராத்திரி வீட்டில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டிய கையில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மறுநாள் அண்ணன் ஒரு ராடு பாக்கெட்டை நீட்டி, அதில் இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். நான் கையைத் தள்ளித் தள்ளி நீட்டினேன்.

"கை இல்ல தம்பி, கண்ணு."

கடைசி மெடிக்கல்வரை நான் ஷேப்-ஒன், ராணுவத்தின் முதல்தர உடல்தகுதி. அதில் கடைசி எழுத்தே கண்ணுக்கானது. தூரத்தில் இருப்பது எல்லாம் இன்றைக்கும் எனக்குத் துல்லியம். கைக்கெட்டும் தூரம் மட்டும் எப்போது மங்கியது என்று தெரியவில்லை. லெட்ஜர் எழுதும்போது நோட்டைத் தள்ளி வைத்துக்கொள்வேன், அதைப் பெரிதாக நினைத்ததில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஹெல்மெட் மாட்டினால் வியர்வையில் மூக்கிலிருந்து வழுகியது. அண்ணன் தன் ஹெல்மெட்டைத் திறந்து, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்த பூதக்கண்ணாடித் துண்டை உருவி எனக்குக் கொடுத்தார். மாட்டிப் பார்த்ததும் கீ-ஹோல் தெரிந்தது: உருகிய குட்டைக்கு முன்னால், இரண்டு பைப்பு விளிம்பும் கரைந்து திறக்கும் சின்ன ஓட்டை. அதுவரை நான் அதை உத்தேசமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டெஸ்ட் அன்று எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பைப்பு முனையை ஏஜி-4 கிரைண்டரில் தேய்த்து, நடுவே 3 மில்லி இடைவெளி (கேப்) விட்டு, நாலு இடத்தில் சின்னதாக டேக் அடித்து ஒட்டினேன். ஒரு பக்கம் ரூட் ஏறி முடிந்ததும் மறுபக்கம் கேப் சுருங்கி இரண்டாகிவிட்டது. சூட்டில் இழுக்கும், எதிர்பார்த்ததுதான். மெல்லிசு வீல் போட்டு அறுத்துத் திறக்க வேண்டும். கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டு, என்னையறியாமல் நிமிர்ந்து நின்று, "சார், கேப் ஓப்பன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டேன்.

அந்தத் தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னை ஏன் சார் கேக்கறீங்க? உங்க ஜாயின்ட்."

கேப்பிங் முடித்து கேஜ் வைத்தேன். இரண்டரை. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தில் ஓர் இடம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி தெரிந்தது. இன்னொரு ஓட்டு ஓட்டினால் நிரவிவிடலாம். கை அரித்தது. ஹோல்டரை மாட்டிவிட்டுப் போய் டீ குடித்தேன்.

மூன்றாம் நாள் ஃபிலிம் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஏழு மணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. என்னுடையதுதான், தொட்டது எனக்கே ஞாபகம் இருந்தது. அளவுக்குள் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சேர்ந்த அன்று ஒரு வெல்டர் நம்பர் கொடுத்தார்கள். போடும் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்குப் பக்கத்திலும் அந்த நம்பரைப் பதிக்க வேண்டும். என் ஆர்மி நம்பர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இந்த இரண்டு இலக்கம் முதல் வாரம் மறந்து மறந்து போனது. அந்த வார சனிக்கிழமையே ரிப்பேர் லிஸ்டில் அது இருந்தது. ஒரே ஓர் இடம், போரோசிட்டி, அதாவது உள்ளே கேஸ் அடைபட்ட ஓட்டை. யாரும் திட்டவில்லை, சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொண்டே போனேன். நாலு மில்லி ஆழத்தில், குண்டூசித் தலையளவுக்கு, ஓட்டை தெரிந்தது.