ஹைகோர்ட்டுக்குப் போகும் முன்: இரண்டாம் மேல்முறையீட்டில் எது நிற்கும், எது நிற்காது

முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட் அப்பீலிலும் தோற்றவர்கள் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தை விட்டு வெளியே வரும்போது சொல்வது ஒன்றுதான்: ‘ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.’ நில வழக்கில் அந்த நம்பிக்கைக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் இடம் மிகக் குறுகலானது. நிலம் யார் கையில் இருந்தது, எந்தச் சாட்சி உண்மை சொன்னார் என்பதையெல்லாம் அங்கே மறுபடி எடைபோட மாட்டார்கள். 1976-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவின்படி, முக்கிய சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே இரண்டாம் மேல்முறையீடு.

எது அப்படிப்பட்ட கேள்வி என்பதற்கு இன்றும் வக்கீல்கள் கையில் எடுப்பது (2001) 3 எஸ்.சி.சி. (உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு) 179. அந்தக் கேள்வி வாதத்துக்கு இடமுள்ளதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே தீர்க்கப்பட்டதாக இருக்கக் கூடாது, வழக்கின் முடிவையே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விதிவிலக்குகளையும் தெளிவாகச் சொன்னது. கீழ்க்கோர்ட்டுகள் முக்கிய ஆதாரத்தைப் பார்க்காமல் விட்டிருந்தாலோ, ஆதாரமே இல்லாமல் முடிவெடுத்திருந்தாலோ, நிரூபணச் சுமையைத் தவறான ஆள் மீது சுமத்தியிருந்தாலோ ஹைகோர்ட் தலையிடலாம். ‘மணியக்காரர் சாட்சியத்தை நம்பியது தவறு’ என்று எழுதினால் அது நிற்காது. ‘பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தை இரண்டு கோர்ட்டுமே பரிசீலிக்கவில்லை’ என்று ஆவண எண்ணோடு எழுதினால் நிற்க வாய்ப்பு உண்டு.

ஆகவே பணமும் உழைப்பும் செலவிட வேண்டிய இடம் முதல் அப்பீல். உண்மைகளை முழுதாக அலசக்கூடிய கடைசிக் கோர்ட் அதுதான். அதே சட்டத்தின் ஆணை 41 விதி 31-ன்படி, தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகளை அந்தக் கோர்ட் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். விட்டுப்போன ஆவணம் இருந்தால் விதி 27-ன் கீழ் அங்கேயே மனு போட வேண்டும். அந்த மனுவை அப்பீலின் இறுதி விசாரணையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறது (2012) 8 எஸ்.சி.சி. 148. மனுவுக்கு உத்தரவே போடாமல் அப்பீலைத் தள்ளியிருந்தால், அதுவே இரண்டாம் மேல்முறையீட்டுக்கு நல்ல காரணம்.

நம் பக்கத்தில் விட்டுப்போகும் ஆவணம் பெரும்பாலும் சர்வே சம்பந்தப்பட்டது. பழைய பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருக்கும். 1989-லும் 2019-லும் மாவட்டம் பிரிந்ததில் தலைப்பு மாறிவிட்டது. அதோடு யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) சர்வேயில் உட்பிரிவு எண்ணும் மாறியிருக்கும். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள தொடர்பை ‘அ’ பதிவேடு, புல வரைபடம் வழியாக நிரூபிக்காவிட்டால், ‘சொத்து அடையாளம் காட்டப்படவில்லை’ என்று தீர்ப்பாகிவிடும். அது உண்மை பற்றிய முடிவு என்பதால், பெரும்பாலும் ஹைகோர்ட் தொடாது.

பரிகாரம் கேட்பதிலும் இதே கதிதான். பட்டா உரிமைமூலம் ஆகாது. எதிர்த்தரப்பு உரிமையையே கேள்வி கேட்கும்போது வெறும் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டால் போதாது, விளம்புகையும் (உரிமை நமதே என்ற அறிவிப்பு) கேட்க வேண்டும் என்பது (2008) 4 எஸ்.சி.சி. 594 முதல் நிலைத்த சட்டம். நிலம் கையில் இல்லையென்றால் சுவாதீனமும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாக வழக்குகளில் மட்டும் சட்டமே நடுவில் மாறியிருக்கிறது. பிறப்பாலேயே மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் டிக்ரியாலோ முடிந்த பாகத்தை அது தொடாது. வாய்மொழிப் பாகம் என்ற எதிர்வாதத்தை, பொது ஆவணம் துணை நிற்கும் அபூர்வ நிலையில்தான் ஏற்பார்கள். 2022 ஜனவரி 20-ல் வந்த இன்னொரு தீர்ப்பும் நம் மாநில வழக்கில் வந்தது. 1938-ல் கோர்ட் ஏலத்தில் வாங்கிய தனிச் சொத்து அது. உரிமையாளர் அந்தச் சட்டம் வந்த 1956-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு வாரிசுரிமை உண்டு என்று முடிவானது. விசாரணைக் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் மகள் தரப்பு தோற்ற வழக்கு அது. பெண் பங்கு தொடர்பான பழைய தீர்ப்பை அப்படியே நம்பி உட்கார வேண்டாம்.

காலக்கெடு விஷயம்தான் அதிகம் பேரை வீழ்த்துகிறது. அப்பீல் போட மாவட்ட, சார்பு நீதிமன்றத்துக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். தீர்ப்பு நகல் கேட்டு மனு போட்ட நாளிலிருந்து நகல் தயாரான நாள் வரை கழிவு கிடைக்கும். தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாளுக்கு அது கிடையாது. தீர்ப்பு மார்ச் 3, நகல் மனு மார்ச் 10, தயாரானது மார்ச் 28, வாங்கியது ஏப்ரல் 15 என்று வைத்துக்கொள்வோம். 90-வது நாள் ஜூன் 1. கழிவு 19 நாள் சேர்த்தால் ஜூன் 20 கடைசி. ஏப்ரல் 15-லிருந்து எண்ணுகிறவர் கெடுவைத் தவறவிடுவார். நகல் கட்டணம் கேட்டுப் போட்ட அறிவிப்புக்குப் பிறகு தாமதமாகக் கட்டினால் அந்த நாட்களும் உங்கள் கணக்கில்தான். இந்தத் தேதிகளெல்லாம் நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும், வக்கீலிடம் கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை பாருங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம்தான். ஆனால் 2024 ஏப்ரல் 8-ல் 5,659 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னிக்க மறுத்தது. வழக்கில் நியாயம் இருக்கிறது என்பது மட்டும் தாமதத்துக்குக் காரணமாகாது என்ற நிலை இப்போது உறுதியாக இருக்கிறது.

அப்பீல் போட்டதாலேயே டிக்ரி நின்றுவிடாது. ஆணை 41 விதி 5-ன் கீழ் ஸ்டே வாங்காதவரை, இங்கே நிறைவேற்று மனு நடந்துகொண்டே இருக்கும். ஜெயித்தவர் தரப்பில் கேவியட் (நம்மைக் கேட்காமல் உத்தரவு போடாதிருக்கக் கோரும் மனு) போட்டுவைப்பது நல்லது, அதன் ஆயுள் 90 நாள்.

இரண்டாம் மேல்முறையீடு பல வருடம் கிடக்கும். அதற்குள் கட்சிக்காரர் ஒருவர் இறந்தால், 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தவறினால் இறந்தவரைப் பொறுத்தவரை அப்பீல் அற்றுப்போகும். அதை ரத்துசெய்யக் கோர மேலும் 60 நாள் உண்டு. பாக வழக்கில் ஒரு பங்காளியின் வாரிசுகள் விட்டுப்போனால் மொத்த அப்பீலே அற்றுப்போகக்கூடும். சென்னை வக்கீலுக்குக் குடியாத்தத்தில் நடந்த சாவு தானாகத் தெரியாது. எதிர்த்தரப்பில் யாராவது இறந்தாலும் இறப்புச் சான்றுக்கு உடனே விண்ணப்பித்து, வாரிசுகள் யாரென்று விசாரித்து, வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு வக்கீலுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.