கன்னத்தில் வழியும் மருந்து

ஒரு சொட்டு கண்மருந்து ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலீட்டர் இருக்கும். கீழிமைக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள சின்ன இடம் அவ்வளவையும் தாங்காது. ஒருமுறை கண் சிமிட்டினாலே மிச்சம் கன்னத்தில் வழியும், அல்லது மூக்கோரத் துவாரம் வழியாகத் தொண்டைக்கு இறங்கும். தங்கியதையும் சில நிமிடங்களில் கண்ணீர் கழுவிவிடும். கண்ணுக்குள் போய்ச் சேர்வது விட்ட மருந்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு.

உப்புவெளியில் இருக்கும் என் அம்மாவுக்குக் குளுக்கோமா, அதாவது கண்ணழுத்தம் கூடிப் பார்வையைப் பாதிக்கும் நோய். காலையும் மாலையும் திமோலோல், இரவில் லத்தனோபுரொஸ்ட். வாதத்தால் விரல்கள் மடங்கிப்போனதால் அந்தச் சிறிய போத்தலை அவரால் அமத்த முடியாது. நான் போகமுடியாத நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து மருந்து விடுவாள். "பிள்ளை, உள்ளுக்க விழுந்திட்டுதோ?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். இரவு மருந்துக்கு வெயிலும் ஒரு பிரச்சினை. திறக்காத போத்தலைப் பிரிட்ஜில் வைக்கவேண்டும். திறந்தபின் 25 பாகை வரை 6 கிழமை வெளியே வைக்கலாம். ஆடி மாதத்துத் திருகோணமலையில் எந்த அறை 25 பாகையில் இருக்கிறது? திறந்த போத்தலும் எங்கள் வீட்டில் பிரிட்ஜிலேயே இருக்கிறது.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். அதனால் மருந்தை மெதுவாக வெளிவிடும் கொண்டாக்ட் லென்ஸ் பற்றி எங்கே செய்தி வந்தாலும் விடாமல் வாசிப்பேன். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மருந்து அவ்வளவு சுலபமாக வழிந்தோடாது. மென்மையான லென்ஸை உருவாக்கிய செக் நாட்டு வேதியியலாளர் ஒட்டோ விக்டர்லே, 1961 நத்தார் நேரம் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை வைத்து வீட்டிலேயே லென்ஸ் வார்க்கும் இயந்திரம் செய்தவர். அப்படியொரு லென்ஸில் மருந்தை ஏற்றலாம் என்ற யோசனையும் அந்தப் பத்தாண்டிலேயே வந்துவிட்டது.

அப்புறம் ஏன் இவ்வளவு காலம்? மருந்துக் கரைசலில் ஊறவைத்த லென்ஸ், ஏற்றியதில் பெரும்பகுதியை முதல் சில மணிநேரத்திலேயே கொட்டிவிடுகிறது. முதலில் அளவுக்கு மீறி, பிறகு ஒன்றுமில்லை. இதற்குத்தான் தடுப்புகளும் பூச்சுகளும். புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் அனுஜ் சௌஹானின் குழு லென்ஸுக்குள் விற்றமின் ஈ ஏற்றியது. விற்றமின் படிந்த இடங்களைச் சுற்றி வளைந்து வரவேண்டியிருப்பதால் மருந்து தாமதமாகவே வெளியேறும். ஹார்வர்டில் ஆய்வாளர்கள் சியோலினோவும் கோஹேனும் லத்தனோபுரொஸ்டை மெல்லிய பொலிமர் படலத்தில் கலந்து லென்ஸின் ஓரத்தில் வளையமாக வைத்தார்கள். பார்வை போகும் நடுப்பகுதி தெளிவாகவே இருக்கும். 2016இல் வெளியான அவர்களது ஆய்வில், குளுக்கோமா உள்ள குரங்குகளின் கண்ணழுத்தத்தை இந்த லென்ஸ் தினச் சொட்டுக்குச் சளைக்காமல் குறைத்தது. மருந்தின் அளவைக் கூட்டிய லென்ஸ் சொட்டைவிடவும் நன்றாக வேலை செய்தது. அந்த வரியை வாசித்தபோது எனக்கு அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

முதலில் அனுமதி கிடைத்தது ஒவ்வாமைக்கான லென்ஸுக்கு. கீற்றோற்றிபன் என்ற மருந்து கொண்ட அக்கியூவ் தெராவிஷன் லென்ஸை 2021இல் ஜப்பானும் 2022இல் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்டன. ஒரு லென்ஸில் 0.019 மில்லிகிராம் மருந்து, ஒருநாள் போட்டுவிட்டு எறிந்துவிடவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அதன் பயன் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது ஏற்கெனவே லென்ஸ் போடுபவர்களுக்கானது. குளுக்கோமாதான் அவசரம் என்பேன். வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும் நோய் அது. வலி இல்லாததால்தான் எத்தனையோ பேர் மருந்தை இடையில் விட்டுவிடுகிறார்கள். குளுக்கோமாவுக்கும் அப்படியொரு லென்ஸ் வந்தால், ஒவ்வொரு இரவும் ஒருவரை எதிர்பார்த்து இருப்பதைவிட, கிழமைக்கு ஒருமுறை மகளோ தாதியோ லென்ஸ் மாற்றிவிடுவது முதியவர்களுக்கு எவ்வளவோ மேல்.

அம்மாவிடம் சொன்னேன். "அதைப் போட்டுக்கொண்டு கிணத்தில குளிக்கலாமோ?" என்று உடனே கேட்டார். மிகச் சரியான கேள்வி. லென்ஸோடு கிணற்று நீரோ குழாய் நீரோ கண்ணில் பட்டால் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைப் பிடித்துக்கொள்ளலாம். லென்ஸோடு தூங்கினால் கிருமித்தொற்று ஆபத்து கூடும். நாட்கணக்கில் கண்ணிலேயே இருக்கவேண்டிய லென்ஸ் எங்களைப் போன்ற ஊருக்கு வருவதென்றால், இந்தக் கேள்விக்குப் பதிலோடுதான் வரவேண்டும்.

அதுவரை சொட்டுத்தான். விட்டவுடன் கண்ணை மெதுவாக மூடச் சொல்லி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். திமோலோல் விடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், இரத்தத்தில் கலந்தால் நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.